ஹாங்காங் யம்சா விருந்தில் நன்றி சொல்வது எப்படி?

வணக்கம். ஹாங்காங்கில் மேலாளர் குடும்பத்தோடு யம்சா (தேநீரோடு சிற்றுண்டிகள் பரிமாறும் விருந்து) சாப்பிடப் போகிறேன், எங்கே எப்படி நன்றி சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். அங்கே பேசும் கான்டனீஸ் மொழியில் நன்றிக்கு இரண்டு சொற்கள். யாராவது தேநீர் ஊற்றினாலோ தட்டை நகர்த்தித் தந்தாலோ 'ம்கோய்'. பரிசுக்கும் விருந்துக்கும் 'தோ சே'. பேச்சின் நடுவே ஊற்றினால் வாய் திறக்கவே வேண்டாம், விரல்களால் மேசையை மெல்லத் தட்டினால் போதும். உங்கள் கோப்பையை நிரப்பும்முன் பெரியவர்களுக்கு ஊற்றுங்கள். இதை மட்டும் தயவுசெய்து மறக்காதீர்கள். கெண்டி காலியானால் மூடியைச் சற்றே திறந்து வையுங்கள், பணியாளர் வந்து வெந்நீர் ஊற்றுவார்.

அப்புறம் பில். அதைக் கேட்க 'மாய் தான்'. யார் கொடுப்பது என்று அங்கே பெரிய இழுபறியே நடக்கும். உங்களை அழைத்தவர் மேலாளர், அதனால் ஒருமுறை முயன்றுவிட்டு விட்டுக்கொடுங்கள்.