வித்தியாசத்தை அளக்கத்தான் டி.பி. மீட்டர்: வாசகர் கேள்வி-பதில்

ஆம்பூர்: தோல் தொழிற்சாலையில் கழிவுநீர் ஆர்.ஓ. வைத்திருக்கிறோம். ஃபில்டருக்கு முன்னும் பின்னும் இரண்டு சாதாரண பிரஷர் கேஜ் போதும் என்கிறார் டீலர். டி.பி. மீட்டர் (இரண்டு இடங்களின் அழுத்த வித்தியாசத்தை நேராகக் காட்டும் கருவி) தேவையா?

தேவை. கேஜ் டயலில் 'கிளாஸ் 1.6' (முழு ரேஞ்சில் 1.6 சதவீதம் வரை பிழை) என்று போட்டிருந்தால், 0–10 பார் (பார் என்பது அழுத்த அலகு) கேஜ் 0.16 பார் வரை தப்பாகக் காட்டலாம். இரண்டும் எதிரெதிராகத் தப்பினால் 0.32 பார். ஃபில்டர் அடைத்துக்கொண்டதா என்று நீங்கள் தேடும் வித்தியாசமே ஒரு பாருக்குள்தான். டி.பி. மீட்டருக்குள் டயஃப்ரம் என்ற வளையும் மெல்லிய தகடு ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் ஃபில்டருக்கு முன்னால் உள்ள அழுத்தம், மறுபக்கம் பின்னால் உள்ளது. எந்தப் பக்கம் எவ்வளவு வளைகிறது என்பதுதான் ரீடிங். லைனில் 3 பார் ஓடினாலும் 6 பார் ஓடினாலும் கழித்தல் கணக்கை டயஃப்ரமே போட்டுவிடும்.

திருப்பத்தூர்: வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது, இப்போதுதான் பெட்டியைப் பிரித்தோம். வேலை செய்யவில்லை. ஒரு வருட வாரன்டி கிடைக்குமா?

கிடைக்காது.

ராணிப்பேட்டை சிப்காட்: பாய்லர் புகையை வடிக்கும் பேக் ஃபில்டருக்கு (துணிப்பை வடிகட்டி), பெரிய ரேஞ்சாகவே இருக்கட்டும் என்று 0–10 பார் டி.பி. டிரான்ஸ்மிட்டர் (ரீடிங்கை மின் சிக்னலாக அனுப்பும் டி.பி. மீட்டர்) வாங்கினோம். ரீடிங் அசையவே இல்லை. சப்ளையர் ஏமாற்றிவிட்டாரா?

இல்லை. எனக்கு வரும் கடிதங்களில் மனம் நொந்துபோவது இந்த வகைக்குத்தான். ரேஞ்ச் பெரிதாக இருந்தால் கூடுதல் மதிப்பு என்ற நினைப்பு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. 10 பார் என்பது சுமார் 1,02,000 மில்லிமீட்டர் தண்ணீர் உயரம். உங்கள் பேக் ஃபில்டரில் வரும் வித்தியாசம் வழக்கமாக 100, 150 மில்லிமீட்டர். ரேஞ்சில் 0.5 சதவீதம் பிழை என்று வைத்தாலே 510 மில்லிமீட்டர் ஆகிறது. நீங்கள் அளக்க நினைத்தது முழுவதும் பிழைக்குள்ளேயே புதைந்துவிட்டது. 0–250 மில்லிமீட்டர் வாங்கியிருக்க வேண்டும்.

பர்ச்சேஸ் ஆர்டரின் நகலையும் அனுப்பியிருக்கிறீர்கள். 'டி.பி. டிரான்ஸ்மிட்டர், 0–10 பார், 1' என்று ஒரே வரி. எவ்வளவு வித்தியாசம் வரும், லைன் அழுத்தம் அதிகபட்சம் எவ்வளவு, உள்ளே ஓடுவது காற்றா தண்ணீரா நீராவியா, எத்தனை டிகிரி சூடு, என்ன சிக்னல் வேண்டும் – இவற்றை எழுதாமல் ஆர்டர் கொடுப்பவருக்குப் பொருத்தமான பொருள் எப்படி வரும்?

குடியாத்தம்: ஆரிஃபீஸ் மீட்டரில் (குழாயில் துளைத் தகடு வைத்து, அதன் இருபக்க அழுத்த வித்தியாசத்திலிருந்து ஓட்டத்தை அளப்பது) 8 மில்லி ஆம்பியர் வருகிறது. ஆபரேட்டர் 25 சதவீத ஓட்டம் என்கிறார், சப்ளையர் 50 என்கிறார்.

4 மில்லி ஆம்பியர் பூஜ்யம், 20 முழு அளவு என்ற 4–20 சிக்னலில் 8 என்பது கால் பங்கு. ஆனால் ஓட்டம் அழுத்த வித்தியாசத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. கால் பங்கு வித்தியாசம் என்றால் பாதி ஓட்டம். டிரான்ஸ்மிட்டருக்குள்ளேயே வர்க்கமூலம் போட்டு வைத்திருந்தால் ஆபரேட்டர் சொல்வது சரி, இல்லையென்றால் சப்ளையர் சொல்வது சரி. செட்டிங்கைப் பாருங்கள்.

ஆற்காடு: டி.பி. மீட்டரின் இரு பக்கத்தையும் நடுவையும் திறந்து மூடும் மூன்று வால்வு மேனிஃபோல்டை விட்டுவிட்டுப் பணத்தை மிச்சம் பிடிக்கலாமா?

வேண்டாம். நான் சிறிய பட்டறை நடத்தியபோது அப்படித்தான் மிச்சம் பிடித்தேன். ஒரு பக்க வால்வை மட்டும் திறந்ததில் லைன் அழுத்தம் முழுவதும் அந்தப் பக்கமே ஏறி, குறைந்த ரேஞ்ச் டயஃப்ரம் வீணாய்ப் போனது. வாரன்டியில் வராது என்றார்கள், அது நியாயம்தான். இரு பக்கத்தையும் இணைக்கும் நடு வால்வு திறந்திருக்கும்போதே ஹை (அழுத்தம் கூடிய) பக்கத்தைத் திறக்க வேண்டும். அப்புறம் நடுவை மூடி, லோ பக்கத்தைத் திறக்க வேண்டும்.

வாலாஜா: ஒற்றை ஆளாகத் தண்ணீர் கேன் பிளான்ட் நடத்துகிறேன். புதிது என்று 18,000 ரூபாய்க்கு விற்ற டி.பி. மீட்டரில் பெயிண்ட் உரிந்து, அடியில் பழைய சீரியல் நம்பர் தெரிகிறது. கேட்டால், தொழிலுக்கு வாங்கியவர் நுகர்வோர் வழக்குப் போட முடியாது என்கிறார் கடைக்காரர்.

பயப்படாதீர்கள். அவர் பாதிச் சட்டத்தைத்தான் சொல்லியிருக்கிறார். வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்பது சரி. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காகவே வாங்கித் தானே பயன்படுத்துபவர் நுகர்வோர்தான் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. இது உங்கள் வயிற்றுப்பாடு. பழையதைப் புதிது என்று உங்கள் தலையில் கட்டியவரைச் சும்மா விடக்கூடாது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து புகாரைப் பதியுங்கள். தீராவிட்டால், 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. அதுவரை அந்தப் பெயிண்டை மேற்கொண்டு சுரண்டாதீர்கள். இருக்கிற நிலையிலேயே பில்லோடு சேர்த்துப் போட்டோ எடுத்து வையுங்கள். கடைக்காரர் மாற்றித் தருகிறேன் என்று வந்தால், மீட்டரைக் கையில் கொடுப்பதற்கு முன் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.