ஓவியம் படிக்கும் மகளுக்கு டிராயிங் டீச்சர் வேலை போதுமா?

கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியில் கடைசி ஆண்டு ஓவியம் படிக்கும் மகளைப் பற்றி ஒரு தந்தை எழுதியிருக்கிறார். "நாலு வருஷம் அவள் ஆசைப்படி விட்டுவிட்டோம். இனி ஒரு ஸ்கூலில் டிராயிங் டீச்சராகச் சேர்ந்துவிட்டால் எங்களுக்கு நிம்மதி. படம் வரைவதை லீவு நாளில் வைத்துக்கொள்ளட்டும். அவளோ, டீச்சராகப் போனால் அதன்பிறகு வரையவே மாட்டேன் என்று அழுகிறாள். நீங்களே சொல்லுங்கள்."

ஐயா, உங்கள் இரண்டு பேர் பயத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் நீங்கள் மனதில் வைத்திருக்கும் வேலை, அதாவது மாதச் சம்பளம், பென்ஷன், நாலரை மணிக்கு வீடு என்பது, ஓவியப் பாடத்தில் இன்று அரிது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2012இல் ஓவியம், உடற்கல்வி, கணினி, தையல், இசை போன்றவற்றுக்குப் பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். வாரத்தில் மூன்று அரை நாள் வேலை, மாதம் 5,000 ரூபாய். தொகை பிறகு படிப்படியாக உயர்ந்தது; பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் நடத்திய போராட்டங்களைச் செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள். நிரந்தர ஓவிய ஆசிரியர் பணிக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் எப்போதாவதுதான் அறிவிப்பு விடுகிறது. அதற்கும் பி.எட். மட்டும் போதாது, அரசுத் தேர்வுத் துறை நடத்தும் ஓவிய ஹையர் கிரேடு தேர்வு, தொழிலாசிரியர் சான்றிதழ் என்று வேறு கணக்கு இருக்கிறது. யாரோ சொன்னார்கள் என்று பி.எட்.டுக்குப் பணம் கட்டிவிடாதீர்கள். பழைய அறிவிப்பை எடுத்துத் தகுதிப் பகுதியைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

நீங்கள் நினைப்பதற்கு ஓரளவு பக்கத்தில் வருவது கேந்திரிய வித்யாலயா. அங்கே ஓவிய ஆசிரியர் பட்டதாரி ஆசிரியர் நிலையில் இருக்கிறார். ஏழாவது ஊதியக் குழுப்படி அடிப்படைச் சம்பளமே 44,900 ரூபாயில் தொடங்குகிறது. இந்தியாவில் எங்கு வேண்டுமானாலும் போடுவார்கள், இந்தியும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். மத்திய அரசின் உறைவிடப் பள்ளியான நவோதயாவிலும் ஓவிய ஆசிரியர் உண்டு, ஆனால் தமிழ்நாட்டில் அந்தப் பள்ளிகளே இல்லை. தனியார் பள்ளிகளைப் பற்றிப் பொதுவாகச் சொல்ல முடியாது. சில இடங்களில் ஓவியத்துக்குத் தனி அறையும் மரியாதையும் உண்டு. பல இடங்களில் ஓவிய பீரியடை கணக்கு டீச்சர் கடன் வாங்குவார். திருப்பித் தர மாட்டார்.

இனி உங்கள் மகளின் பயத்துக்கு வருகிறேன். வாரம் முப்பது பீரியட் என்பதுகூட ஒரு கலைஞரைத் தின்றுவிடாது. தின்பது டைம்டேபிளில் எழுதாத வேலைதான். ஆண்டு விழாவுக்கு மேடைத் திரை, அறிவியல் கண்காட்சிக்குச் சார்ட், தாளாளர் பிறந்தநாளுக்கு வாழ்த்து மடல், குடியரசு தினத்துக்குக் கோலம், மாவட்டப் போட்டிக்குப் பத்துப் பிள்ளைகளைத் தயார் செய்வது என்று பட்டியல் நீளும். 'கைவண்ணம் உள்ளவர்' என்று பெயர் எடுத்துவிட்டால் போதும், சக ஆசிரியர்கள் தங்கள் பிள்ளைகளின் கல்யாணப் பத்திரிகைக்கும் டிசைன் கேட்டு வருவார்கள். மாலையில் வீட்டுக்கு வரும்போது உடம்பைவிடக் கண்தான் அதிகம் களைத்திருக்கும். அதன்பிறகு கேன்வாஸ் முன்னால் உட்காரச் சொன்னால் யாருக்கும் கை ஓடாது. அவள் அழுவதை வெறும் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆனால் கற்பித்தலே கலையைக் கொன்றுவிடும் என்று அவள் சொன்னால், அவள் படிக்கும் துறையின் வரலாறே மறுக்கும். மெரினாவில் 1959இல் திறந்த உழைப்பாளர் சிலையைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி, 1929 முதல் கால் நூற்றாண்டுக்கு மேல் சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். அவருக்குப் பின் 1957இல் முதல்வரான கே.சி.எஸ்.பணிக்கர், தம் பெயரை நிலைக்கவைத்த 'சொற்களும் குறியீடுகளும்' ஓவிய வரிசையை 1963 வாக்கில் தொடங்கினார். அப்போதும் அவர் கையெழுத்துப் போட வேண்டிய கோப்புகள் மேசையில் இருந்திருக்கும். சிற்பி தனபாலும் அங்கேயே படித்து, அங்கேயே கற்பித்து, முதல்வராகவும் ஆனவர்.

இதை வைத்து, 'பார்த்தாயா, வாத்தியாராக இருந்துகொண்டே சாதிக்கலாம்' என்று மகளிடம் வாதாடாதீர்கள். இவர்கள் எல்லோரும் கலைக் கல்லூரியில் இருந்தவர்கள். அங்கே ஆசிரியருக்குப் பட்டறை பக்கத்திலேயே இருக்கும், சக ஆசிரியர்களும் கலைஞர்கள், எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் கேள்வி கேட்கும் இளம் கலைஞர்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு மாம்பழம் வரையக் கற்றுக்கொடுப்பதும் நல்ல வேலைதான். ஆனால் அதற்கு வேறு மனசு வேண்டும், கலைஞராக அவளுக்கு அது அதே தீனியைத் தராது. அதனால் என் யோசனை இதுதான்: ஆசிரியராகத்தான் ஆக வேண்டும் என்றால் பள்ளியோடு நிற்காமல் கல்லூரியைக் குறிவையுங்கள். பெரியவர்கள் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் பள்ளியில் உட்காரவைத்துவிட்டு, மேல்படிப்பைப் பிறகு பார்க்கலாம் என்கிறார்கள். அந்தப் 'பிறகு' பெரும்பாலும் வருவதில்லை.

கல்லூரி ஆசிரியராக எம்.எஃப்.ஏ. என்ற கவின்கலை முதுநிலைப் பட்டம் இரண்டு ஆண்டு, அதில் 55 சதவீதம், கூடவே காட்சிக் கலைப் பாடத்தில் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு. ஆண்டுக்கு இரண்டு முறை நடப்பது வழக்கம், கலை வரலாற்றை ஒழுங்காகப் படித்தால் தாண்டலாம். பலருக்குத் தெரியாத இன்னொரு வழியும் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகளில், காட்சிக் கலைக்கும் இசை, நடனத்துக்கும் தொழில்முறைக் கலைஞர் என்ற தனித் தகுதி இருக்கிறது. பட்டத்தோடு, தொடர்ந்து கண்காட்சி வைத்ததற்கான ஆதாரமும் துறையில் பெற்ற அங்கீகாரமும் அங்கே கணக்கில் வரும். எல்லா அறிவிப்பிலும் இது ஒரே மாதிரி நடைமுறைக்கு வரும் என்று நம்பிவிட வேண்டாம். ஆனால் நீங்கள் 'லீவு நாள் வேலை' என்று ஒதுக்கும் அதே ஓவியம்தான் அவளை ஆசிரியராக்கும் தகுதிகளில் ஒன்று என்பதைக் கவனியுங்கள். இன்று முதலே அழைப்பிதழ், கேட்டலாக், சான்றிதழ், படங்களின் நல்ல புகைப்படம் எல்லாவற்றையும் தேதியோடு ஒரு ஃபைலில் போடச் சொல்லுங்கள்.

பணம்? மத்தியக் கலாசார அமைச்சகம் 18 முதல் 25 வயதுள்ள இளம் கலைஞர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டு உதவித்தொகை தருகிறது. 25 வயதுக்கு மேல் இளநிலை ஃபெலோஷிப் மாதம் 10,000. குடும்பம் நடத்தப் போதாது, வண்ணமும் கேன்வாஸும் வாங்கப் போதும். போட்டி உண்டு, கிடைக்கும் என்று எண்ணித் திட்டம் போடாதீர்கள்.

ஆசிரியர் வேலை தவிர்த்தும் வழி இருந்திருக்கிறது. ஓவியர் கே.எம்.ஆதிமூலம் நெசவாளர் சேவை மையத்தில் பணியாற்றினார்; காந்தியை வைத்து அவர் வரைந்த கோட்டோவியங்களை இன்றும் பேசுகிறார்கள். 1966இல் சென்னைக்குப் பக்கத்தில் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் இருந்தவர்கள் பாட்டிக் (மெழுகு பூசிச் சாயமேற்றும் துணி) போன்ற கைவினைப் பொருள்களை விற்றுத் தங்கள் ஓவியத்துக்கு நேரம் வாங்கினார்கள். இன்று அந்த இடத்தில் அனிமேஷன், துணி வடிவமைப்பு, புத்தக ஓவியம் எல்லாம் இருக்கின்றன.

அவளுக்குக் கற்பிப்பது ஒத்துவருமா என்பதை வீட்டில் உட்கார்ந்து விவாதிக்க வேண்டாம். இந்தக் கோடையில் ஒரு முகாமிலோ, பிள்ளைகளுக்குக் கலை கற்றுத்தரும் பக்கத்து ஜவகர் சிறுவர் மன்றத்தில் உதவியாளராகவோ போய்ப் பார்க்கட்டும். ஒரு விஷயத்தை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள்: பிள்ளையின் தாளில் தன் பென்சிலை வைத்துத் திருத்தத் தோன்றுகிறதா? கலைஞர் ஆசிரியரானால் வரும் முதல் சிக்கல் இது. கை துறுதுறுக்கும், கோடு அழகாக வரும், பிள்ளை தன் கண்ணை நம்புவதை விட்டுவிடும். தனித் தாளில் வரைந்து காட்டிவிட்டு ஒதுங்கத் தெரிந்தால் அவள் நல்ல ஆசிரியராவாள். வகுப்பு முடிந்ததும் தன் படத்தை வரைய ஆசை வருகிறதா, வெறுப்பு வருகிறதா என்பதும் இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும்.

ஒருவேளை பண நெருக்கடியால் இப்போதே பள்ளியில் சேர வேண்டியிருந்தால் சேரட்டும், தவறில்லை. பள்ளி நாட்களில் மை, நீர்வண்ணம், சின்ன அளவுத் தாள். காய நாள்கணக்காகும் எண்ணெய் வண்ணமும் பெரிய கேன்வாஸும் மே மாதத்துக்கு. நேரத்தை அவள் காலையில் வைத்துக்கொள்வதே நல்லது. அந்த ஒரு மணி நேரத்தில் கடைக்குப் போகச் சொல்லாமல் இருப்பது உங்கள் பொறுப்பு.

நேர்காணலில் சம்பளத்தோடு இன்னும் சிலவற்றையும் கேட்கச் சொல்லுங்கள். வாரத்துக்கு எத்தனை பீரியட்? ஓவியத்துக்கு அறையும் தண்ணீர்க் குழாயும் உண்டா? கண்காட்சி வைக்க விடுப்பு கிடைக்குமா? ஆண்டு விழா மேடையை யார் செய்வார்கள்? கடைசிக் கேள்விக்கு 'எல்லாரும் சேர்ந்து செய்வோம்' என்று பதில் வந்தால், உங்கள் மகள்தான் செய்ய வேண்டியிருக்கும்.