ஜெப அறையும் அயல் வீடும்: கேள்வி பதில்

தவக்காலத்தை முன்னிட்டு, அன்றாட ஜெப வாழ்வைப் பற்றியும் நற்செய்திப் பணியைப் பற்றியும் குடாநாட்டின் பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுள் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனத்தில் போதகராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதால், என் பதில்கள் பெரும்பாலும் அந்த மரபைச் சார்ந்தே இருக்கும். கத்தோலிக்கச் சகோதரர் ஒருவரும் கேள்வி அனுப்பியிருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

மானிப்பாயிலிருந்து ஒரு சகோதரி: விடியப்புறம் எழுந்து சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, யாழ்ப்பாண நகரத்தில் உள்ள வங்கிக்கு வேலைக்குப் போகிறேன். இரவில் வேதாகமத்தைத் திறந்தால் கண் மூடிவிடுகிறது. "இடைவிடாமல் ஜெபம்பண்ணுங்கள்" என்ற வசனத்தைக் கேட்கும் போதெல்லாம் குற்ற உணர்வே மிஞ்சுகிறது. நான் என்ன செய்வது ஐயா?

தங்கச்சி, அந்த வசனத்தைத் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்தில் எழுதிய பவுல், தாம் இரவும் பகலும் கையால் வேலை செய்து பிழைத்ததை அதே நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் குறிப்பிடுகிறார். ஆகவே வேலையும் வீடும் உள்ளவர்களுக்கு எட்டாத ஒன்றை அவர் கட்டளையாக இட்டிருக்க மாட்டார். தானியேலும் அரச உத்தியோகத்தில் இருந்தவரே. அவர் நாள் முழுவதும் முழங்காலில் இருக்கவில்லை, மூன்று வேளை ஜெபித்தார்.

நீங்களும் மூன்று வேளைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் அடுப்படியில் நிற்கும் போதே ஒரு சங்கீதத்தின் சில வசனங்களைச் சொல்லுங்கள். 117ஆம் சங்கீதம் இரண்டே வசனங்கள் கொண்டது, அதை மனப்பாடமாக்க ஒரு நாள் போதும். மதியம் சாப்பாட்டுக்கு முன், அன்று உங்களிடம் கோபித்துப் பேசிய வாடிக்கையாளர் ஒருவர் இருந்தால் அவருக்காக ஒரு வார்த்தை சொல்லுங்கள். இரவில் தனியே வேதாகமத்தைத் திறந்து தூங்கிவிழுவதை விட, பிள்ளைகள் படுக்கைக்குப் போகும் முன் அவர்களோடு சேர்ந்து சத்தமாக ஜெபியுங்கள்.

இன்னுமொன்றையும் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டைத் தெரிந்தெடுத்து, அந்த வீட்டாரின் பெயர்களைச் சொல்லி ஒரு மாதம் தொடர்ந்து ஜெபியுங்கள். நாள்தோறும் தேவனிடத்தில் பெயர் சொல்லிக் கேட்ட ஒருவரின் படலையை, மாத முடிவில், நலம் விசாரியாமல் உங்களால் கடந்து போக முடியாது. நற்செய்திப் பணி தொடங்கும் இடம் அதுவே என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஜெபத்தை ஒரு கடமையாகவும் ஊழியத்தை மற்றொரு கடமையாகவும் பிரித்து வைப்பதால்தான் இரண்டும் நமக்குச் சுமையாகின்றன.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர்: என் நெருங்கிய நண்பர்கள் எல்லோரும் சைவர்கள். கிறிஸ்துவைப் பற்றி அவர்களோடு கதைக்க ஆசையாக இருக்கிறது. ஆனால் மதம் மாற்ற வருகிறான் என்று நினைத்துவிடுவார்களோ என்று பயமாகவும் இருக்கிறது.

தம்பி, உமது பயத்துக்கு இந்த மண்ணில் ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. அமெரிக்க மிஷனரிமார் 1816இல் இங்கே பணியைத் தொடங்கினார்கள். வட்டுக்கோட்டைச் செமினரி, உடுவில் மகளிர் கல்லூரி, மானிப்பாய் வைத்தியசாலை என்று அவர்கள் விட்டுச்சென்ற நன்மைகள் பல. ஆயினும் அக்காலத்துக் கிறிஸ்தவத் துண்டுப்பிரசுரங்கள் பல சைவ வழிபாட்டை இழித்தும் பழித்தும் எழுதின என்பதை நாம் மறைக்கக் கூடாது. மெதடிஸ்த மிஷனரியான பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து வேதாகமத் தமிழ் மொழிபெயர்ப்புக்கு உதவிய ஆறுமுக நாவலர், பின்னர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிச் சைவத்தின் பெரும் காவலராக எழுந்தார். வேதாகமத்தை அவ்வளவு ஆழமாக அறிந்த ஒருவரை நம்மவரின் ஏளனப் பேச்சு எவ்வளவு தூரம் தள்ளியிருக்கும் என்பதை ஒவ்வொரு ஊழியரும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

இதே யாழ்ப்பாணம் டி. ரி. நைல்ஸ் போதகரையும் தந்தது. 1908இல் பிறந்து, 1948இல் ஆம்ஸ்ரடாமில் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் தொடக்க ஆராதனையில் பிரசங்கித்த மெதடிஸ்தர் அவர். நற்செய்தி அறிவிப்பது என்பது, ஒரு பிச்சைக்காரன் இன்னொரு பிச்சைக்காரனுக்கு உணவு கிடைக்கும் இடத்தைச் சொல்வது போன்றது என்பது அவருடைய விளக்கம். அப்படிச் சொல்பவனுக்கு மேட்டிமை இருக்க முடியாது. தான் உண்டு பசியாறியதைத் தவிர அவனிடம் வேறு தகுதியும் இல்லை.

பேதுருவும், நம்பிக்கையைக் குறித்து "விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" பதில் சொல்ல ஆயத்தமாயிருக்கச் சொல்கிறார். உமது நண்பர் கேட்பதற்கு ஏதாவது உமது சீவியத்தில் இருக்க வேண்டும்: பரீட்சையில் பார்த்து எழுதாமை, பகிடிவதையில் சேராமை, கடன் வாங்கிய காசைச் சொன்ன நாளில் திருப்பிக் கொடுத்தல். அவர் கேட்கும் நாளில் சுற்றிவளைக்காமல், கிறிஸ்து உமக்குச் செய்ததைச் சொல்லும். அவர் தம்முடைய நம்பிக்கையைப் பற்றிச் சொல்லும் போது, இடையில் குறுக்கிடாமல் முழுவதையும் கேளும்.

தென்மராட்சியிலிருந்து ஒருவர்: எங்கள் பகுதியில் ஒரு குழுவினர் உலருணவுப் பொதி கொடுத்துவிட்டு, ஞாயிறு கூட்டத்துக்கு வந்தால்தான் அடுத்த பொதி என்கிறார்கள். இதுவும் ஊழியமா?

இல்லை. அது ஏழையின் பசியை வைத்து ஆள் பிடிப்பது. இயேசு பத்துக் குஷ்டரோகிகளைச் சுகப்படுத்தினார். நன்றி சொல்லத் திரும்பி வந்தவன் ஒருவனே. மற்ற ஒன்பது பேரும் எங்கே என்று அவர் கேட்டார். ஆனால் அவர்களுக்குக் கொடுத்த சுகத்தைத் திரும்ப எடுக்கவில்லை. மானிப்பாயில் தமிழிலேயே வைத்தியம் கற்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கிய அமெரிக்க மிஷனரி வைத்தியர் கிறீனை இன்றும் எல்லாச் சமயத்தவரும் மதிப்போடு நினைவுகூருகிறார்கள் என்றால், காரணம் அவர் செய்த வேலை வேலையாகவே நன்றாக இருந்தது என்பதே. நம் நாட்டு அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை, தாம் விரும்பிய மதத்தை உடையவராக இருக்கவோ மேற்கொள்ளவோ ஒவ்வொருவருக்கும் சுதந்திரம் உண்டு என்கிறது. அரிசிப் பொதியைக் காட்டி அந்தச் சுதந்திரத்தை நெருக்குபவர், கிறிஸ்துவின் பெயருக்கே பழி தேடித் தருகிறார். உங்களால் முடிந்தால், அந்தக் குடும்பங்களுக்கு எந்த நிபந்தனையும் இல்லாமல் நீங்களே உதவுங்கள்.

பெயர் குறிப்பிட விரும்பாத ஒரு சகோதரி: கணவர் சைவர், நல்ல மனிதர். அவருக்காகப் பல காலமாக ஜெபிக்கிறேன். மாமியார் கோயிலில் பொங்கிக் கொண்டுவருவதை உண்பதா, விடுவதா என்பதும் தெரியவில்லை.

அவருடைய மனமாற்றத்துக்காக மட்டும் ஜெபியாமல், அவருடைய முதுகுவலிக்காகவும் கடனுக்காகவும் தொழிலுக்காகவும் ஜெபியுங்கள். அப்படி ஜெபிக்கிறீர்கள் என்பது அவருக்கும் தெரியட்டும். விசுவாசியாத கணவர் மனைவியின் போதனையினால் அல்ல, நடக்கையினால் ஆதாயப்படுத்தப்படுவார் என்றே பேதுரு எழுதுகிறார். படைத்ததை உண்பது பற்றிக் கிறிஸ்தவர்களிடையே ஒத்த கருத்து இல்லை. 1 கொரிந்தியர் 8ஆம், 10ஆம் அதிகாரங்களை முழுமையாக வாசித்து, உங்கள் மனச்சாட்சிக்கு ஏற்றபடி நடவுங்கள். என்னைக் கேட்டால், மனம் இடங்கொடாத போது உண்ணாமல் இருப்பதே சரி; ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுக்காமல், மாமியாரிடம் முன்கூட்டியே தனியாகவும் பணிவாகவும் சொல்லிவிடுங்கள்.

குருநகர்க் கடற்றொழிலாளர் ஒருவர்: இரவில் கடலில் நிற்பதால் காலைப் பூசைக்குப் போக முடிவதில்லை. வள்ளத்தில் செபமாலை சொல்வது போதுமா?

போதுமா என்பதை உங்கள் பங்குத்தந்தையிடமே கேளுங்கள், அண்ணை. நான் சொல்லக்கூடியது ஒன்றுண்டு. ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல், பிச்சைக்கார வேடத்தில் யாழ்ப்பாணம் வந்த புனித யோசேவ் வாஸ் அடிகளார், கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகச் சென்றே மறைந்திருந்த விசுவாசிகளைக் கண்டுகொண்டார். பூசைக்கு வழியில்லாத அந்த மக்களின் விசுவாசம் வீட்டுச் செபத்தினால்தான் அணையாமல் இருந்தது. கடலில் நீங்கள் சொல்லும் செபத்தை ஒருபோதும் குறைவாக எண்ணாதீர்கள்.

காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடும் ஒரு தாய்: மகனின் படத்தோடு வீதியோரப் போராட்டத்தில் இருக்கிறேன். விசுவாசம் இருந்தால் வீட்டிலிருந்து ஜெபிக்கலாமே என்று சபையில் ஒருவர் சொன்னார். எனக்கு இப்போது ஜெபிக்கவே வருவதில்லை.

அம்மா, அந்த வார்த்தையை உங்களிடம் சொல்லியிருக்கக் கூடாது. சோர்ந்துபோகாமல் ஜெபிப்பது எப்படி என்று கற்பிக்க இயேசு எடுத்துக்கொண்டது, நியாயம் கேட்டு ஓர் அநீதியான நீதிபதியிடம் ஓயாமல் போய் நின்ற விதவையின் கதையையே. லூக்கா 18ஆம் அதிகாரத்தில் அது இருக்கிறது. அவள் வீட்டிலிருந்திருக்கலாமே என்று அவர் சொல்லவில்லை. நீங்கள் வீதியோரத்தில் இருக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் தேவனுக்கு முன்பாக ஜெபமே என்று நான் விசுவாசிக்கிறேன்.

வார்த்தை வராத நாளில் சங்கீதங்களின் வார்த்தைகளை எடுத்துக்கொள்ளுங்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று 13ஆம் சங்கீதம் கேட்கிறது. 88ஆம் சங்கீதம் ஆறுதல் எதுவுமின்றி இருளிலேயே முடிகிறது; அதையும் ஜெபம் என்றே நம் முன்னோர் வேதாகமத்தில் வைத்திருக்கிறார்கள். அதுவும் முடியாத போது, வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு ஆவியானவர்தாமே நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று பவுல் ரோமருக்கு எழுதியிருக்கிறார். உங்கள் சபையாருக்கு நான் சொல்வது: இந்தத் தாய்க்காக மேடையில் நின்று ஜெபிப்பதோடு நிறுத்தாமல், கிழமையில் ஒரு நாள் அந்தப் பந்தலுக்குப் போய் அவருக்குப் பக்கத்தில் இருங்கள்.

வட்டுக்கோட்டை வாலிபர் சங்கத்தினர்: ஒலிபெருக்கி வைத்துச் சந்திக் கூட்டம் நடத்த எண்ணியிருக்கிறோம். உங்கள் ஆலோசனை என்ன?

உங்கள் ஆர்வத்துக்காகத் தேவனுக்கு நன்றி சொல்கிறேன். ஆனால் உயர்தரப் பரீட்சைக்குப் பிள்ளைகள் படிக்கும் காலத்தில் ஒலிபெருக்கி வேண்டாம். அந்தக் கூட்டத்துக்கு ஆயத்தமாயிருக்கும் நீங்கள் இருவர் இருவராகப் பிரிந்து, தனியே வாழும் முதியவர்களின் வீடுகளுக்குப் பின்னேரங்களில் போங்கள். பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில் இருக்க, பெரிய வீட்டில் ஒருவராக இருப்பவர்கள் உங்கள் ஊரிலேயே பலர். மருந்து வாங்கிக் கொடுங்கள், வளவைக் கூட்டிக் கொடுங்கள், அவர்கள் கதைப்பதைக் கேளுங்கள். சைவர் வீடானால், ஜெபிக்கலாமா என்று கேட்டு, சம்மதித்தால் மட்டும் சுருக்கமாக ஜெபியுங்கள். போவதற்கு முன் ஆலயத்தில் கூடி அந்தப் பெயர்களைச் சொல்லி ஜெபியுங்கள். திரும்பி வந்து, அடுத்த முறை யாருக்கு என்ன தேவை என்பதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். சந்திக் கூட்டத்தைப் பற்றி ஆறு மாதங்கள் கழித்து மறுபடியும் எழுதுங்கள்.