வீட்டு வேலையில் எதற்கு ஆள் வைப்பது, எதை நாமே செய்வது?

கேள்வி: சொந்த மனையில் 800 சதுர அடிக்கு வீடு கட்டி வருகிறோம். சுவர் லிண்டல் மட்டத்துக்கு வந்துவிட்டது. கையிருப்பு கரைந்துகொண்டே போவதால், கம்பி கட்டுவது, வயரிங், பெயின்ட் ஆகியவற்றை நானும் என் தம்பியும் செய்து கூலியை மிச்சப்படுத்தலாமா? எதிலும் கை வைக்க வேண்டாம் என்கிறார் மேஸ்திரி.
– வாசகர், மன்னார்குடி

பதில்: மேஸ்திரி சொல்வதில் பாதியை அப்படியே கேளுங்கள். சுவருக்குள்ளும் கான்கிரீட்டுக்குள்ளும் மறைந்துபோகும் வேலையைப் பழக்கமில்லாதவர்கள் செய்யக் கூடாது. அதில் நேரும் பிழை வெளியே தெரியவரும்போது, உடைக்காமல் திருத்த வழியிருக்காது.

உங்களுக்கு அடுத்து வரப்போகும் சன்ஷேடையே எடுத்துக்கொள்வோம். சுவரிலிருந்து வெளியே நீளும் அந்தப் பலகையில் முக்கியக் கம்பி மேல்பக்கம் இருந்தாக வேண்டும். கான்கிரீட் கொட்டும்போது யாராவது மிதித்து அது கீழே இறங்கிவிட்டால், முட்டுப் பிரிக்கும் நாளில் சன்ஷேடு தொங்கலாம், ஒடிந்தும் விழலாம். ஆகவே கம்பி கட்டுவதை அனுபவமுள்ளவரிடமே விடுங்கள். வயரிங்கும் அப்படித்தான். உரிமம் பெற்றவரைக் கொண்டு எர்த்திங்கைச் சரியாகச் செய்து, மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் பொருத்தச் சொல்லுங்கள். உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம். குளியலறைத் தரையின் வாட்டமும் தேர்ந்த கொத்தனாரின் வேலையே.

மேஸ்திரியுடன் நான் உடன்படாத இடம், தண்ணீர் ஊற்றி ஆற வைக்கும் வேலை. கூலிக்கு வருபவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், வேறு வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமையில் இதற்கென்று வரமாட்டார், வீட்டுக்காரர்தான் வருவார். கான்கிரீட்டைச் சாதாரண சிமென்ட் என்றால் குறைந்தது 7 நாளும், இப்போது வீடுகளுக்குப் பெரும்பாலும் வாங்கப்படும், நிலக்கரிச் சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்ட் என்றால் குறைந்தது 10 நாளும் ஈரம் காயாமல் வைக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456. தளத்தின் மேல் பாத்தி கட்டி நீர் தேக்குங்கள். தூண்களுக்குச் சாக்குச் சுற்றி நனைத்துக்கொண்டே இருங்கள். கட்டடத்தின் உறுதிக்கு இவ்வளவு உதவும் வேலை, பயிற்சியே இல்லாமல் செய்யக்கூடியதாகவும் இருப்பது உங்கள் நல்வாய்ப்பு.

கான்கிரீட் போடும் நாளில் ஒருவர் மிக்சர் அருகிலேயே நில்லுங்கள். கலவை எளிதாக ஓட வேண்டும் என்பதற்காகத் தண்ணீரைக் கூட்டுவது எங்கும் நடக்கிறது. அதனால் வலிமை குறைகிறது. சிமென்ட், மணல், ஜல்லி 1:1½:3 என்ற கலவையில் 50 கிலோ சிமென்ட் மூட்டை ஒன்றுக்குச் சுமார் 30 லிட்டர் என்று அளந்து ஊற்றச் சொல்லுங்கள். மணல் ஈரமாக இருந்தால் அதற்கும் குறைவாகவே போதும்.

பெயின்ட்டில் உள்சுவர்களை நீங்களே தாராளமாக அடிக்கலாம். பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகு, பட்டி பார்ப்பதை மட்டும் பெயின்டரிடம் விட்டுவிட்டு, பிரைமரையும் அதற்கு மேல் இரண்டு கோட் பெயின்ட்டையும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். சாரம் கட்டி ஏற வேண்டிய வெளிச்சுவருக்கு ஆள் வையுங்கள்.

விடுப்பு எடுத்துச் செய்வதானால், இழக்கும் சம்பளத்தையும் கணக்கில் சேருங்கள். எந்த வேலை உங்களுடையது, அதற்காக ஒப்பந்தத் தொகையில் எவ்வளவு கழியும் என்பதை, சன்ஷேடு வேலை தொடங்குவதற்கு முன்பே மேஸ்திரியுடன் பேசி, ஒரு தாளில் எழுதி, இருவரும் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள்.