வெளியுறவுக் கொள்கை ஆய்வு: இளம் ஆய்வாளர்களுக்குப் பதில்கள்

கேள்வி: முதுகலையில் வரலாறு படித்தவன் நான். பன்னாட்டு உறவுகளில் முனைவர் பட்டம் செய்ய அது தடையாகுமா?

பதில்: ஆகாது. இத்துறையே வயதில் இளையது. இதற்கான முதல் பேராசிரியர் இருக்கை, முதல் உலகப் போர் முடிந்த கையோடு, 1919-இல் வேல்ஸின் அபெரிஸ்ட்வித்தில்தான் ஏற்படுத்தப்பட்டது. வரலாறும் சட்டமும் படித்து வந்தவர்களே இதை வளர்த்தார்கள்.

கேள்வி: ‘சீனாவின் எழுச்சி’ என்ற என் தலைப்பை நெறியாளர் ஏற்கவில்லை, ஐயா.

பதில்: நானும் ஏற்க மாட்டேன், அது நாளிதழுக்கான தலைப்பு. ஒரே ஓர் உடன்படிக்கை, ஒரே ஒரு பேச்சுவார்த்தை என்று சுருக்கிக்கொண்டு ஆவணங்களுக்குள் இறங்குங்கள். அமெரிக்க வெளியுறவுத் துறை 1861 முதல் வெளியிட்டுவரும் ஆவணத் தொகுதிகளில் பெரும்பகுதியை இணையத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம். பிரிட்டனும் அரசு ஆவணங்களைத் திறப்பதற்கான காலத்தை 30 ஆண்டுகளிலிருந்து 20 ஆகக் குறைத்திருக்கிறது.

கேள்வி: ஆங்கிலம் போதாதா? இன்னொரு மொழிக்காக இரண்டு ஆண்டுகளைச் செலவிட வேண்டுமா?

பதில்: செலவிடுங்கள். 1967-இல் ஐ.நா. பாதுகாப்பு அவை நிறைவேற்றிய 242-ஆம் தீர்மானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அவ்வாண்டுப் போரில் கைப்பற்றிய பகுதிகளிலிருந்து இஸ்ரேலியப் படைகள் விலக வேண்டும் என்னும் இடத்தில், ஆங்கில வாசகத்தில் ‘டெரிட்டரீஸ்’ (பகுதிகள்) என்பதற்கு முன்னால், ‘அந்த’ என்று குறிப்பிட்டுச் சுட்டும் ‘தி’ இல்லை. பிரெஞ்சு வாசகத்திலோ, ‘அந்தப் பகுதிகளிலிருந்து’ என்றும் பொருள்படும் ‘டே’ இருக்கிறது. சில பகுதிகளிலிருந்து விலகினால் போதும் என்று ஒரு தரப்பும், எல்லாவற்றிலிருந்தும் விலக வேண்டும் என்று மறுதரப்பும் இன்றுவரை வாதிடுவதற்கு இவ்வேறுபாடும் ஒரு பிடிமானம். (தமிழில் ‘தி’க்கு நிகரான உருபே கிடையாது; மொழிபெயர்ப்பில் மட்டும் படிப்பவருக்கு இந்தச் சண்டையே கண்ணில் படாது.) நீங்கள் ஆராயும் நாட்டின் அதிகாரிகள் எந்த மொழியில் குறிப்பு எழுதுகிறார்களோ, அந்த மொழியையே தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: பட்டம் பெற்றபின் பல்கலைக்கழகமா, கொள்கை ஆய்வு மையமா?

பதில்: இரண்டின் வேகமும் வேறு. ஆய்விதழ்க் கட்டுரை மதிப்பீட்டாளர்களைக் கடந்து அச்சேற ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். மையத்திலோ நாளை மாலைக்குள் இரண்டு பக்கக் குறிப்பு கேட்பார்கள். எது உங்களுக்கு ஒத்துவரும் என்பதைப் பட்டம் முடியும் முன்பே சில மாதப் பயிற்சிப் பணியில் கண்டுகொள்ளுங்கள். அங்கே போனால் ‘சாத்தம் ஹவுஸ் விதி’ அடிக்கடி காதில் விழும். 1927-இல் லண்டனின் சாத்தம் ஹவுஸ் என்னும் வெளியுறவு ஆய்வு மையத்தில் தோன்றிய அவ்விதியின்படி, கூட்டத்தில் கேட்ட செய்தியைப் பயன்படுத்தலாம். சொன்னவர் யார், எந்த அமைப்பினர் என்பதை வெளியிடக் கூடாது. அதை மீறியவரை மறுமுறை அழைக்க மாட்டார்கள்.