53 சென்ட் குறைகிறது

அன்புள்ள சார்,

டார்க் காமெடி என்று நீங்கள் சொன்னதை நம்பி மார்ட்டின் ஸ்கோர்செசியின் ‘ஆஃப்டர் அவர்ஸ்’ படத்தைச் சனிக்கிழமை ராத்திரி நானும் மனைவியும் உட்கார்ந்து பார்த்தோம். அவள் பாதியிலேயே எழுந்து போய்ப் படுத்துவிட்டாள். ஒரு பெண்ணைப் பார்க்கக் கிளம்புகிறவனின் 20 டாலர் நோட்டு டாக்ஸி ஜன்னல் வழியே பறந்துபோகிறது, அப்புறம் விடியும்வரை வீட்டுக்குப் போக முடியாமல் சீரழிகிறான். அந்தப் பெண் தற்கொலை செய்துகொள்கிறாள். கடைசியில் திருடன் என்று நினைத்துத் தெருவே இவனை அடிக்கத் துரத்துகிறது. இதில் சிரிக்க என்ன இருக்கிறது? அதுவும் போகட்டும், நடந்தே வீட்டுக்குப் போயிருக்கலாமே?

(வாசகர், ஈரோடு. பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.)

அன்புள்ள நண்பருக்கு,

நடந்து போயிருக்கலாம்தான். அவன் போய் மாட்டிக்கொள்கிற சோஹோ நியூயார்க்கில் மான்ஹாட்டனின் தெற்குப் பக்கம், அவன் வீடு வடக்கே தள்ளி, மழை வேறு கொட்டுகிறது. ஆனாலும் விடிவதற்குள் போய்ச் சேர்ந்திருப்பான். ஆனால் இன்னும் பத்து நிமிஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறவன் நடக்க ஆரம்பிக்க மாட்டான். அப்படிப்பட்ட பத்துப் பத்து நிமிஷங்களைக் கோத்ததுதான் படம். சுரங்க ரயில் நிலையத்தில் அவன் பையில் 97 சென்ட் இருக்கிறது, முந்தின நிமிஷம் வரை கட்டணம் 90. நள்ளிரவோடு ஒன்றரை டாலர் ஆகிவிட்டது என்கிறார் டோக்கன் கொடுக்கிறவர். யாருக்குத் தெரியப்போகிறது, விடுங்களேன் என்று கெஞ்சுகிறான். நான் எங்காவது பார்ட்டிக்குப் போய்க் குடித்துவிட்டு யாரிடமாவது உளறிவிட்டால் என்ன செய்வது என்கிறார் அவர், முகத்தில் கொஞ்சமும் சிரிப்பில்லாமல். 53 சென்ட்! எமன் வந்து மறித்தாலாவது கௌரவமாக இருந்திருக்கும்.

அந்த வெறிச்சோடிய தெருக்கள் செட் என்று நினைத்துவிடாதீர்கள். சோஹோ ஒரு காலத்தில் தொழிற்சாலைகளும் கிடங்குகளும் நிறைந்த பகுதி. அவை காலியானதும் ஓவியர்களும் சிற்பிகளும் சட்டவிரோதமாகக் குடியேறினார்கள், 1971-ல்தான் நகராட்சி அவர்கள் அங்கே வசிப்பதை முறைப்படி அனுமதித்தது. வீடாகக் கட்டாத கட்டிடங்கள், மேலே இருந்தபடியே வாசலைத் திறக்க வசதி கிடையாது. அதனால்தான் கீழே நிற்பவனுக்குக் கதவு திறக்க மேலே இருந்து சாவிக்கொத்தை வீசுகிறார்கள். அந்தச் சாவிக்கொத்து அவன் தலையைக் குறிவைத்து வருகிற ஒரு ஷாட் இருக்கிறதே, முழுப்படமும் அதில் இருக்கிறது. உதவிதான் செய்கிறார்கள், ஆனால் மண்டை உடையும்போல இருக்கிறது.

சரி, உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். அவன் பார்க்கப் போன பெண், மார்சி, செத்துக் கிடக்கிறாள். அவள் உடம்பெல்லாம் தீக்காயத் தழும்பு இருக்குமோ என்ற சந்தேகத்தில்தான் கதாநாயகன் பால் முதலில் அவளை விட்டு ஓடினான். இப்போது என்ன செய்கிறான்? போர்வையை விலக்கிப் பார்க்கிறான். தழும்பு எதுவும் இல்லை. அப்புறம் போலீசுக்குத் தகவல் சொல்லிவிட்டு, வருகிறவர்கள் தேடி அலையக்கூடாதே என்று காகிதத்தில் ‘இறந்த நபர்’ என்று எழுதி அம்புக்குறி போட்டு, அறைக்கு வழிகாட்டும்படி ஒட்டிவிட்டுக் கிளம்புகிறான். நான் வாய்விட்டுச் சிரித்தது அந்த இடத்தில்தான், சிரித்த கையோடு கூச்சமாகவும் இருந்தது. அவன் கெட்டவன் இல்லை. அலுவலகத்தில் கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்கிறவன், ஒழுங்கானவன். சாவுக்கும் ஒரு சுற்றறிக்கை ஒட்டத் தெரிந்தவன். அவளோடு அந்த அறையில் ஐந்து நிமிஷம் உட்காரத்தான் தெரியவில்லை.

படம் முழுக்க இப்படித்தான். மதுக்கடைக்காரன் டாம் அவனுக்குப் பணம் தர முன்வருகிறான், கல்லாப்பெட்டி திறக்கவில்லை என்றதும் தன் வீட்டுச் சாவியையே நம்பிக் கொடுக்கிறான். அந்த டாமுக்குத்தான் போன் வருகிறது, காதலி தற்கொலை செய்துகொண்டாள் என்று. செத்தவள் மார்சிதான் என்பது எதிரில் நிற்கிற பாலுக்குத் தெரியும். வாயைத் திறப்பதில்லை. அந்த இரவில் சந்திக்கிற ஒவ்வொருவரும் அவனிடம் எதையோ சொல்ல வருகிறார்கள், இவன் கண் வாசலிலேயே இருக்கிறது. விதி அவனைத் துரத்துவதாக நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். எனக்கோ அவன் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கடன் வைத்துவிட்டு வருவதாகத்தான் தெரிகிறது. விடிவதற்குள் கடன்காரர்கள் எல்லோரும் சேர்ந்து கிளம்பிவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

உங்கள் மனைவி எழுந்துபோனதில் நியாயம் உண்டு. இந்தப் படத்துப் பெண்கள் எல்லோரும் ஏதோ ஒரு வகையில் கிறுக்கு, அல்லது ஆபத்து. பாலின் கண்ணால் பார்ப்பதால் அப்படி என்று ஓரளவு சமாதானம் சொல்லலாம், முழுக்கச் சொல்ல முடியாது. கட்டிலைச் சுற்றி எலிப்பொறி வைத்திருக்கும் ஜூலியாக வரும் நடிகை டெரி கார் மட்டும் அந்தக் கேலிச்சித்திரத்துக்குள்ளிருந்து ஒரு தனிமையை வெளியே கொண்டுவந்துவிடுகிறார்.

இன்னொரு விஷயம். 1983-ல் ஸ்கோர்செசி எடுக்கவிருந்த கிறிஸ்து படத்தைப் படப்பிடிப்புக்குச் சில வாரங்களே இருந்தபோது பாராமவுண்ட் நிறுவனம் கைவிட்டது. அந்த அடியோடு அவர் கையில் எடுத்த சின்ன பட்ஜெட் படம் இது, திரைக்கதை ஜோசப் மினியன் மாணவராக இருந்தபோது எழுதியது. இரவு விடுதி வாசலில் காவல்காரன் பாலிடம் பணத்தை வாங்கிக்கொண்டு, எதையும் முயலாமல் விட்டுவிட்டோம் என்று நீ நினைக்கக்கூடாது என்பதற்காகத்தான் வாங்குகிறேன் என்கிறானே, அது எழுத்தாளர் காஃப்காவின் ‘சட்டத்தின் முன்’ கதையிலிருந்து நேராக வந்தது, வாழ்நாள் முழுக்க வாசலில் காத்திருந்தும் உள்ளே போக முடியாதவனின் கதை அது. வாசல் வரை போய்த் திரும்பிய ஒரு இயக்குநர் அந்தக் காட்சியை எடுக்கும்போது என்ன நினைத்திருப்பார் என்று எனக்கு எப்போதும் தோன்றும். விடிகாலையில் பால் தன் அலுவலக வாசலிலேயே வந்து விழுகிற முடிவு, இயக்குநர் மைக்கேல் பவல் சொன்ன யோசனை. வீட்டுக்குப் போக ராத்திரி முழுக்கத் தவித்தவன் நேராக வேலைக்கு வந்துவிடுகிறான், உடம்பெல்லாம் தூசியோடு!

எனக்கும் ஒரு இரவு உண்டு. தொண்ணூறுகளில் பாரிமுனையில் யாரோ பர்சை அடித்துவிட்டார்கள், கடைசி பஸ்ஸும் போய்விட்டது. ஒரு டீக்கடைக்காரர் காசு வாங்காமல் டீ கொடுத்தார், விடியும்வரை பெஞ்சில் உட்காரச் சொன்னார், தன் மகளைப் புகுந்த வீட்டில் படுத்துகிற பாட்டைச் சொல்ல ஆரம்பித்தார். நான் தலையாட்டிக்கொண்டே அவர் தோளுக்கு மேலாக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஏதாவது வண்டி வருகிறதா என்று. அந்தப் பெண்ணுக்குக் கடைசியில் என்ன ஆயிற்று என்று தெரியாது. அவர் சொல்லியிருப்பார். நான்தான் கேட்கவில்லை.

உங்கள் மனைவி எந்தக் காட்சியில் எழுந்துபோனார் என்று கேட்டு எழுதுங்கள். அம்புக்குறிக்கு முன்னாலா, பின்னாலா?