பில் கவுன்ட்டரிலிருந்து கணக்குப் பிரிவுக்கு

கேள்வி: பி.எஸ்சி. தாவரவியல் முடித்துவிட்டு ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் நான்கு ஆண்டுகளாக பில் போடுகிறேன். வயது 27. அக்கவுன்ட்ஸ் வேலைக்கு மாற ஆசை. பி.காம். இல்லாமல் எடுப்பார்களா? ஒரு பயிற்சி மையத்தில் ஆறு மாத கோர்ஸுக்கு 45,000 ரூபாய் கேட்கிறார்கள், வேலைக்கு உத்தரவாதமாம். சேரலாமா?
– பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: இப்போதைக்குப் பணத்தைக் கட்ட வேண்டாம். கம்பெனிக் கணக்கைத் தணிக்கை செய்து கையெழுத்துப் போடத்தான் சி.ஏ. வேண்டும். கணக்கு எழுத இந்தப் பட்டம்தான் வேண்டும் என்று சட்டம் ஏதும் இல்லை. பி.காம். கேட்கும் இடங்கள் உண்டுதான். ஆனால் சிறு நிறுவனங்களிலும் ஆடிட்டர் ஆபீஸ்களிலும் வேலை தெரிகிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

முதல் இரண்டு மாதம் கம்ப்யூட்டரைத் தொடாதீர்கள். தமிழ்நாடு அரசின் பிளஸ் ஒன் கணக்குப்பதிவியல் புத்தகம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, தமிழிலேயே. குறிப்பேடு (அன்றாடப் பதிவு), பேரேடு (கணக்கு வாரியாகப் பிரித்து எழுதுவது), இருப்பாய்வு (பற்று, வரவு மொத்தம் சமமா என்று பார்ப்பது), வங்கிச் சரிகட்டும் பட்டியல் (நம் ஏட்டையும் வங்கி ஏட்டையும் ஒப்பிடுவது) வரை நோட்டில் போட்டுப் பழகுங்கள். நம் ஊர்க்காரர்கள் சறுக்கும் இடம் ஒன்று இதில் உண்டு. கல்லாவுக்கு 5,000 ரூபாய் வந்தால் வீட்டு வழக்கில் அது வரவு. புத்தகத்தில் ரொக்கக் கணக்கில் பற்று (டெபிட்). பேங்க் ஸ்டேட்மென்ட்டைப் பார்த்தால் இன்னும் குழம்பும், நாம் போட்ட பணத்தை வங்கி வரவில் காட்டும். அது வங்கியின் ஏடு, அவர்கள் நமக்குத் தர வேண்டிய பணம் என்று புரிந்துவிட்டால் குழப்பம் தீரும்.

பிறகு டேலி பிரைம் என்ற கணக்கு எழுதும் சாஃப்ட்வேர். லைசென்ஸ் வாங்க வேண்டாம், பழகுவதற்கான எஜுகேஷனல் மோடு போதும். அதில் மாதத்தின் 1, 2, 31 தேதிகளில் மட்டுமே பதிவு ஏறும். சாஃப்ட்வேர் கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். பதிவு வகைகளுக்கான கீகள்: எஃப்4 கான்ட்ரா (ரொக்கத்துக்கும் வங்கிக்கும் இடையே பணம் மாறுவது), எஃப்5 பேமென்ட், எஃப்6 ரசீது, எஃப்7 ஜர்னல் (பணம் கைமாறாத பதிவு), எஃப்8 விற்பனை, எஃப்9 கொள்முதல். நூறு பில் ஏற்றினால் விரலுக்குத் தானாகப் பழகிவிடும்.

பில்லை ஏற்றும்போது முதலில் பார்க்க வேண்டியது ஜிஎஸ்டி எண். 15 எழுத்தில் முதல் இரண்டு மாநிலம்: 33 தமிழ்நாடு, 29 கர்நாடகா. 40,000 ரூபாய்ச் சரக்குக்கு 18 சதவீதம் என்றால், உள்மாநில சப்ளையரிடம் வாங்கியது மத்திய வரி சிஜிஎஸ்டி 3,600, மாநில வரி எஸ்ஜிஎஸ்டி 3,600. பெங்களூரிலிருந்து ஈரோட்டுக்கு வந்தது மாநிலம் தாண்டிய சரக்குக்கான ஐஜிஎஸ்டி 7,200. பில் தொகை இரண்டிலும் 47,200தான், அதனால் ஒன்றுக்கு மற்றதை மாற்றிப் போட்ட தவறு கண்ணில் படாது. விற்பனை பில்லில் வாடிக்கையாளரின் எண்ணை ஓர் எழுத்து மாற்றிப் போட்டாலோ, அவருடைய 2பி-யில் (வாங்கியவர் கழிக்கக்கூடிய வரியை ஜிஎஸ்டி தளம் காட்டும் பட்டியல்) அந்த பில் வராது; வரியைக் கழிக்க முடியாத ஆள் பணத்தை நிறுத்தி வைப்பார். போன் உங்களுக்குத்தான் வரும்.

இந்த வேலையில் என்ட்ரி போடுவது பாதிகூட இல்லை. டேலியில் பற்றும் வரவும் எப்படியும் சமமாகிவிடும். தப்பு வங்கியோடும் பார்ட்டியோடும் ஒப்பிடும்போதுதான் வெளியே வரும். ஒரு கணக்கைப் பாருங்கள். மாதக் கடைசியில் நம் ஏட்டில் வங்கி இருப்பு 1,84,500. ஸ்டேட்மென்ட்டில் 1,45,910. நாம் கொடுத்த 12,000 ரூபாய் செக்கைப் பார்ட்டி இன்னும் போடவில்லை, கூட்டினால் 1,96,500. கடைசி நாள் ஸ்வைப் விற்பனை 50,000 மறுநாள்தான் வரும், கழித்தால் 1,46,500. மிச்சம் 590 ரூபாய். அது முந்தைய ஸ்வைப்புக்கு வங்கி பிடித்த கமிஷன் 500, அதன் மேல் ஜிஎஸ்டி 90. முழு 590-ஐயும் செலவில் எழுதுபவர் புதியவர். 500-ஐச் செலவிலும், வங்கியின் வரி ரசீதைப் பார்த்து 90-ஐ உள்ளீட்டு வரியிலும் (கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளும் வரி) வைப்பவரை எந்த ஆபீஸும் விடாது. வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால் முதலில் இலக்கம் இடம் மாறியிருக்கிறதா என்று தேடுங்கள். 5,640 என்பது 5,460 ஆகியிருந்தால் 180 நிற்கும். பிடிபடவில்லை என்று அனாமத்துக் கணக்கில் (விவரம் தெரியாத தொகையை நிறுத்தி வைக்கும் கணக்கு) தள்ளிவிடும் பழக்கம் மட்டும் வேண்டாம்.

ஸ்வைப், யுபிஐ, ரிட்டர்ன் பில் எல்லாம் நீங்கள் தினமும் கையாள்வதுதான். உங்கள் கடை அக்கவுன்டன்ட்டிடம் கேட்டு, ராத்திரி கல்லா ஒத்துப் பார்க்கும் வேலையை வாங்கிக்கொள்ளுங்கள். கோர்ஸ் சர்ட்டிஃபிகேட்டை விட பயோடேட்டாவில் அந்த ஒரு வரி எடுபடும்.

அடுத்து ஆடிட்டர் ஆபீஸ். ஒரு கம்பெனியில் ஒரே கணக்கு. அங்கே அரிசி மில், லாரி, மருந்துக் கடை எல்லாம் கைக்கு வரும். மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு 7-ம் தேதி டிடிஎஸ் (பிடித்தம் செய்த வருமான வரி) கட்டணும், 11 ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்), 14 அன்று 2பி வரும், 15 பிஎஃப்பும் இஎஸ்ஐயும் (ஊழியர் வருங்கால வைப்பு நிதி, மருத்துவக் காப்பீடு), 20 ஜிஎஸ்டிஆர்-3பி (வரி கட்டும் ரிட்டர்ன்). அந்த நாட்களில் லீவு கேட்காதீர்கள். எக்செலில் விலுக்கப்பும் (இன்னொரு பட்டியலில் தேடி எடுப்பது) பிவட்டும் (தொகுத்துக் காட்டுவது) தெரிந்தால் 2பி ஒப்பீட்டை உங்களிடமே தருவார்கள். பில் எண்ணை மட்டும் நம்பி ஒப்பிடாதீர்கள். அவர்கள் 'ஐஎன்வி/045' என்பார்கள், நாம் '45' என்று போட்டிருப்போம். ஜிஎஸ்டி எண்ணையும் வரிக்கு முந்தைய தொகையையும் சேர்த்துப் பொருத்துங்கள்.

மேலே படிக்க நினைத்தால் உங்கள் பட்டத்தை வைத்தே சி.எம்.ஏ. (செலவு மற்றும் மேலாண்மைக் கணக்கியல்) இன்டர்மீடியட்டில் நேரடியாகச் சேரலாம். சி.ஏ. இன்டர்மீடியட்டில் நேரடியாகச் சேர வணிகவியல் அல்லாத பட்டதாரிகள் 60 சதவீதம் வாங்கியிருக்க வேண்டும்.

ஆடிட்டர் ஆபீஸில் தொடக்கச் சம்பளம் இப்போது வாங்குவதைவிடக் குறைவாக இருக்கலாம். ஆறு மாத வீட்டுச் செலவுக்குப் பணம் சேர்த்த பிறகு கடை வேலையை விடுங்கள். அந்த 45,000 அதற்கு உதவும்.